முப்பத்தொன்றாம் கட்டில்

முப்பத்தொன்றாம் நம்பர் கட்டில் ஆடிக்கொண்டிருந்தது.

ஆடுகிற கட்டில் என்றால் ஹவுஸ் மாஸ்டருக்கு ஆகவே ஆகாது. அதுவும் வருஷத்தின் கடைசி இன்ஸ்பெக்‌ஷன் நாளில் ஆடினால் எப்படி? ஒரு விரலால் கட்டிலின் விளிம்பை அழுத்திப் பார்த்தார். 'டொக்' என்றது. விரலை எடுத்தார். மறுபடியும் 'டொக்'.

"வழி இருக்கு" என்றார்.

அது அவருடைய தாரக மந்திரம். பத்தொன்பது வருஷமாக அந்த விடுதியில் எது நடந்தாலும் அவர் வாயிலிருந்து முதலில் வருவது அதுதான். குழாய் ஒழுகினாலும் வழி இருக்கு. வௌவால் உள்ளே புகுந்தாலும் வழி இருக்கு. கணக்குப் பரீட்சையில் பாதிப் பேர் கோட்டை விட்டாலும் வழி இருக்கு. பிள்ளைகள் அவருக்கு 'வழி சார்' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். அது அவருக்கும் தெரியும். உள்ளூரக் கொஞ்சம் பெருமைதான்.

மடித்து வைக்க ஏதாவது அட்டை கிடைக்குமா என்று அவர் சுற்றுமுற்றும் பார்த்த நேரத்தில், ஆபீஸ் பியூன் வாசலில் வந்து நின்றார். கையில் ஒரு பழுப்புக் கவர்.

"சார், ஆபீஸ்லேர்ந்து. உடனே பார்க்கச் சொன்னாங்க."

ஆபீஸிலிருந்து வருகிற எல்லாக் கவரின் மேலும் 'உடனடி' என்று முத்திரை இருக்கும். போன வாரம் வந்த உடனடி, பற்பசையைக் கீழிருந்து மேலாகப் பிதுக்க வேண்டும் என்றது. அதற்கு முந்தைய வாரத்து உடனடி, அதற்கும் முந்தைய வாரத்துக் கவரைத் திருப்பி அனுப்பச் சொன்னது. ஹவுஸ் மாஸ்டர் கவரை வாங்கி உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். நல்ல கனம். நாலாக மடித்தார். மண்டியிட்டுக் கட்டில் காலுக்கு அடியில் செருகினார். மறுபடி விரலால் அழுத்தினார்.

கட்டில் வாயைத் திறக்கவில்லை.

"பார்த்தியா?" என்றார் கட்டிலின் சொந்தக்காரனிடம்.

கட்டிலின் சொந்தக்காரன்தான் அந்த இல்லத்திலேயே சின்னப் பையன். வருஷம் பாதிக்கு மேல் போன பிறகு, ஆறு வாரத்துக்கு முன்னால்தான் வந்து சேர்ந்தவன். நடந்தால் சத்தம் வராது, சாப்பிட்டால் சத்தம் வராது, பேசினால்கூட வராது என்பதால் மற்ற பிள்ளைகள் அவனைப் 'பூனை' என்றார்கள். பூனை கட்டில் காலைப் பார்த்தான். சாரைப் பார்த்தான். எச்சிலை விழுங்கிக்கொண்டான்.

"சார்... அது வந்து..."

"தேங்க்ஸ் எல்லாம் எதுக்குடா? போ, போய்ச் சாப்பிடு."

பூனை இன்னொரு தடவை கட்டில் காலைப் பார்த்துவிட்டுப் போய்விட்டான்.

அந்தப் பள்ளியில் நாலு இல்லங்கள். பலகையில் சிவப்பு இல்லம், நீல இல்லம், பச்சை இல்லம், மஞ்சள் இல்லம் என்று எழுதியிருக்கும். வாயில் ரெட் ஹவுஸ், யெல்லோ ஹவுஸ் என்றுதான் வரும். ஒவ்வொன்றும் தனிக் கட்டிடம், தனிச் சாப்பாட்டு மேசை, தனி ரோஷம். பந்தாட்டத்திலிருந்து படுக்கை விரிப்பு வரை எல்லாவற்றுக்கும் மதிப்பெண். பிள்ளைகள் குறைந்துகொண்டே வருவதால், இந்த வருஷம் முந்நூறு மதிப்பெண்ணைத் தொடாத இல்லத்தை மூடிவிட்டு, அந்தப் பிள்ளைகளை மற்ற இல்லங்களுக்குப் பிரித்துக் கொடுப்பது என்று நிர்வாகம் முடிவெடுத்திருந்தது. மற்ற மூன்றும் முந்நூறை எப்போதோ தாண்டிப் போய்விட்டன. மஞ்சள் இருநூற்றுத் தொண்ணூறில் நின்றது.

பாக்கி இருந்தது இன்றைய இன்ஸ்பெக்‌ஷன் ஒன்றுதான். அதற்குப் பத்து மதிப்பெண். அதுவும் ரொம்பச் சுலபமான பத்து. ஒரு கட்டிலுக்கு ஒரு பிள்ளை நிற்க வேண்டும். கணக்கு சரியாக இருந்தால் பத்து, ஒரு தலை குறைந்தாலும் பூஜ்யம். கணக்கு வாத்தியாரான அவரிடமே வந்து முப்பத்தொன்று வரை எண்ணிக் காட்டச் சொல்கிறார்கள்! ஹவுஸ் மாஸ்டருக்குச் சிரிப்புத்தான் வந்தது.

ஆனால் இந்த இல்லம் போய்விட்டால்? அதை நினைத்தால் மட்டும் அவருக்குச் சிரிப்பு நின்றுவிடும். வேறு எந்த இல்லத்திலும் இடமில்லை என்று தள்ளிவிடப்பட்ட பிள்ளைகள், வருஷ நடுவில் வந்தவர்கள், ஓடத் தெரியாதவர்கள், பாடத் தெரியாதவர்கள் எல்லாரும் கடைசியில் வந்து சேருகிற இடம் மஞ்சள்தான். இவர்களைப் பிரித்துக் கொடுத்தால் யார் கவனிப்பார்கள்? "ஒவ்வொருத்தனையும் எனக்கு உள்ளும் புறமும் தெரியும்" என்று அவர் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். அதை மனசார நம்பியும் இருந்தார்.

ஒன்பது மணிக்கு ஹவுஸ் கேப்டன் எண்ணினான். பன்னிரண்டாம் வகுப்பு, வாசல் நிலையில் தலை இடிக்கிற உயரம்.

"முப்பது சார்."

"உன்னையும் சேர்த்து எண்ணுடா."

"சேர்த்துத்தான் சார் முப்பது."

ஹவுஸ் மாஸ்டர் தானே எண்ணினார். முப்பதுதான். வரிசையில் கடைசிக் கட்டிலுக்குப் பக்கத்தில் யாருமில்லை. விரிப்பு ஒரு சுருக்கம்கூட இல்லாமல் விரிக்கப்பட்டிருந்தது.

"பூனை எங்க?"

யாருக்கும் தெரியவில்லை. சாப்பாட்டுக் கூடத்தில் பார்த்ததாக ஒருவன் சொன்னான். பார்க்கவே இல்லை என்றான் அவன் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டவன்.

"ஆபீஸ்ல ஒரு வார்த்தை சொல்லிடலாமா சார்?" என்று கேட்டார் மேட்ரன். மஞ்சள் இல்லத்துக்குத் துணி மருந்து சோப்பு எல்லாம் அவர் பொறுப்பு. பன்னிரண்டு வருஷமாக ஹவுஸ் மாஸ்டரின் வழிகள் முடிகிற இடத்தில் துடைப்பத்தோடு நிற்பவர்.

"சொன்னா? பிள்ளையைக் காணோம்னு நாமளே எழுதிக் குடுத்த மாதிரி ஆயிடும். பத்து போச்சு, ஹவுஸ் போச்சு. நம்ம முறை பத்தரைக்குத்தான். இன்னும் ஒன்றரை மணி நேரம் இருக்கு. வழி இருக்கு."

இல்லத்திலேயே வேகமாக ஓடுகிறவர்கள் இரட்டையர்கள் இருவர். ஒருவனை மைதானத்துக்கும் ஒருவனை நூலகத்துக்கும் அனுப்பினார். "பத்து நிமிஷத்துல பூனையோட வரணும்."

இருபது நிமிஷம் ஆயிற்று. பூனையும் வரவில்லை, இரட்டையர்களும் வரவில்லை.

"இப்ப எத்தனை?" என்றார் மேட்ரன்.

"இருபத்தெட்டு."

"நல்ல முன்னேற்றம்."

"கேப்டன்! நீ போய் அவங்க ரெண்டு பேரையும் கூட்டிட்டு வா."

கேப்டன் வாசல் நிலையில் தலையை இடித்துக்கொண்டு ஓடினான். இன்னும் கால் மணி நேரம் போயிற்று. கேப்டனும் வரவில்லை.

"சார், உங்களைக் கும்பிட்டுக் கேட்டுக்கிறேன்" என்றார் மேட்ரன். "தேடுறதுக்கு இன்னும் யாரையாவது அனுப்பினீங்கன்னா, இன்ஸ்பெக்‌ஷனுக்கு நானும் நீங்களும்தான் கட்டில் பக்கத்துல நிக்கணும்."

ஹவுஸ் மாஸ்டர் விரல் விட்டு எண்ணினார். நாலு தலை குறைகிறது. ஒன்றைத் தேடப் போய் நாலு. சாதாரண மனிதனாக இருந்தால் தலையில் கை வைத்து உட்கார்ந்திருப்பான். அவர் சட்டைக் கையை மடித்து விட்டுக்கொண்டார்.

"மேட்ரன், ரெட் ஹவுஸ் இன்ஸ்பெக்‌ஷன் முடிஞ்சிருக்குமில்ல?"

"ஒன்பதரைக்கே முடிஞ்சிருக்கும். எதுக்கு?"

"அங்க பசங்க சும்மாதானே இருப்பாங்க."

மேட்ரன் கண்ணை மூடிக்கொண்டார்.

சிவப்பு இல்லத்து ஹவுஸ் மாஸ்டர்தான் விளையாட்டு ஆசிரியர். தூங்கும்போதும் கழுத்தில் விசில் தொங்கும் என்று பேச்சு. விசில் சார் வராந்தாவில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். விஷயத்தைக் கேட்டதும் நீட்டிய காலை மடக்கினார்.

"நாலு பசங்களா? தரலாமே. அரை மணி நேரத்துக்குத்தானே? ஆனா பாருங்க, சும்மா குடுத்தா எனக்கே மரியாதையா இருக்காது."

"என்ன வேணும்?"

"வெந்நீர்."

ஹவுஸ் மாஸ்டருக்குப் பகீரென்றது. பள்ளிக்கு ஒரே பாய்லர். காலையில் முதல் அரை மணி நேரம் வருகிற தண்ணீர்தான் வெந்நீர். அதற்கப்புறம் வருவது பேருக்குத்தான் வெந்நீர். அந்த முதல் அரை மணி நேரத்தை மஞ்சள் இல்லத்துக்கு வாங்கிக் கொடுக்க அவர் ஒன்பது வருஷம் மனு எழுதியிருந்தார்.

"வேற ஏதாவது கேளுங்க."

"அப்போ வெந்நீரும், அடுத்த டேர்ம் முழுக்க காலை அஞ்சரை மணி டிரில்லும். என் பதிலா நீங்க நிக்கணும்."

பேரம் எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்ததும் ஹவுஸ் மாஸ்டர் சட்டென்று கையை நீட்டிவிட்டார். அதுவும் நல்லதுக்குத்தான் என்று நடக்கும்போதே தன்னைத் தேற்றிக்கொண்டார். பச்சைத் தண்ணீரில் குளித்தால் பிள்ளைகளுக்கு மூளை விழித்துக்கொள்ளும். காலை டிரில்லால் தன் தொப்பை கரையும். யோசித்துப் பார்த்தால் லாபம் முழுக்க மஞ்சளுக்குத்தான்.

விசில் சார் உள்ளே போய், தன் இல்லத்தில் யார் இல்லாவிட்டால் நிம்மதியோ அந்த நாலு பேரைப் பொறுக்கி எடுத்துக்கொண்டு வந்தார். ஒருவன் கூடைப்பந்துக் குழுவின் தூண். அவனைத் தாண்டி வெளிச்சம் வராது. இன்னொருவனுக்கு ஜலதோஷம், மூன்று நாளாக நிமிஷத்துக்கு ஒரு தும்மல். மூன்றாமவன் எதைக் கேட்டாலும் சிரிப்பான். நாலாமவன் எதைக் கேட்டாலும் ஊரெல்லாம் சொல்லிவிடுவான்.

அவர்களை அழைத்துக்கொண்டு புறப்பட்டபோது, மைதானத்துக்கு அந்தப் பக்கம் பிரின்சிபால் மேடம் நீல இல்லத்திலிருந்து பச்சை இல்லத்துக்கு நடந்து போவது தெரிந்தது. பின்னாலேயே 'சாட்சி' போய்க்கொண்டிருந்தது.

இன்ஸ்பெக்‌ஷனுக்கு மேடம் தனியாக வருவதில்லை. மாணவர்களில் ஒருவனைக் குலுக்கலில் எடுத்து, மதிப்பெண் அட்டையை அவன் கையில் கொடுத்துக் கூடவே அழைத்து வருவார். முன்பெல்லாம் சாட்சி முகம் தெரியத்தான் வந்தான். மதிப்பெண் போன இல்லத்துக்காரர்கள் ஒரு தடவை அவன் படுக்கையில் ஒரு வாளித் தண்ணீரைக் கவிழ்த்துவிட்டார்கள். அன்றிலிருந்து சாட்சி யாரென்று வெளியே தெரியக் கூடாது என்று மேடம் ஒரு ஏற்பாடு செய்துவிட்டார். பள்ளித் தோட்டத்தில் தேனீப் பெட்டிகளைத் திறக்கும்போது போடுகிற வலைத் தொப்பி, தரையைக் கூட்டிக்கொண்டு வருகிற நீளத்தில் ஒரு சாம்பல் நிற அங்கி. உள்ளே இருக்கிற பிள்ளை எந்த இல்லம், என்ன உயரம், மூக்கு எப்படி, ஒன்றும் தெரியாது. வாயையும் திறக்கக் கூடாது.

"யாரா இருக்கும்?" என்றார் விசில் சார், கண்ணைச் சுருக்கிக்கொண்டு. "ரொம்பக் குட்டியா இருக்கானே."

"குட்டி இல்ல, குனிஞ்சு நடக்குறான்" என்றார் ஹவுஸ் மாஸ்டர். "பச்சை ஹவுஸ் பசங்கதான் குனிஞ்சு நடப்பானுங்க. நடையைப் பார்த்தாலே நான் சொல்லிடுவேன். பத்தொன்பது வருஷம் சார்! பசங்க விஷயத்துல என் கண்ணு தப்பாது."

மஞ்சள் இல்லத்தில் சட்டை மாற்றும் படலம் ஆரம்பமாயிற்று. சிவப்புச் சட்டையோடு நிற்க முடியாதே. காணாமல் போன நாலு பேரின் மாற்றுச் சட்டைகளை மேட்ரன் எடுத்துக் கொடுத்தார். கேப்டனின் சட்டை கூடைப்பந்துத் தூணுக்கு உயரத்தில் சரியாக இருந்தது. அகலத்தில் மூச்சு முட்டியது. இரட்டையர்களின் சட்டைகளைத் தும்மல்காரனும் ஊர் சொல்லியும் போட்டுக்கொண்டார்கள். பாக்கி இருந்தது பூனையின் சட்டை. நாலு பேரில் ஒல்லி சிரிப்புக்காரன்தான். அவன் பூனையைப் போல ஒன்றரை மடங்கு. பித்தான் போட்டதும் மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டு, இழுத்த மூச்சோடேயே சிரித்தான்.

"சிரிக்காதடா, பித்தான் தெறிச்சிடும்" என்றார் மேட்ரன்.

அதைக் கேட்டும் சிரித்தான். ஒரு பித்தான் போயிற்று.

"பார்த்தீங்களா, முப்பத்தொண்ணு!" என்று ஹவுஸ் மாஸ்டர் கையைத் தட்டிய அந்த நொடியில், கேப்டனும் இரட்டையர்களும் மூச்சு வாங்க உள்ளே ஓடி வந்தார்கள்.

"சார், பூனை எங்கேயும் இல்ல! பச்சை ஹவுஸ் மிஸ் எங்களைப் பிடிச்சு பெஞ்ச் தூக்க வச்சுட்டாங்க சார். சும்மா சுத்துறீங்களேன்னு..."

ஹவுஸ் மாஸ்டர் அறையைப் பார்த்தார். சொந்தப் பிள்ளைகள் முப்பது. இரவல் பிள்ளைகள் நாலு. வாழ்நாளில் முதல் தடவையாக அவருக்கு ஒரு கூட்டல் கணக்கு கசந்தது.

"மூணு பேரைத் திருப்பி அனுப்பிடுங்க" என்றார் மேட்ரன்.

"சார், மேடம் வந்துட்டாங்க!" என்றான் ஜன்னலில் நின்ற பையன். "நம்ம படிக்குக் கிட்டயே வந்துட்டாங்க!"

"பின் கதவு?"

"இப்பத்தான் தரைக்கு மெழுகு போட்டுப் பூட்டினேன். காயல. இப்ப திறந்தா ஒருத்தன்கூட முழுசா வெளிய போக மாட்டான்."

"வழி இருக்கு" என்றார் ஹவுஸ் மாஸ்டர். அவர் குரலில் கொஞ்சம் மூச்சிரைத்தது.

தும்மல்காரன் குளியலறைக்குப் போனான். ஊர் சொல்லியைத் துணி அலமாரிக்குள் வைத்துச் சாத்தினார்கள். கூடைப்பந்துத் தூணுக்குத்தான் இடமில்லை. எந்தக் கட்டிலுக்கு அடியில் நுழைத்தாலும் பாதி ஆள் வெளியே நின்றான். கடைசியில் சுவரோரமாக இருந்த முப்பத்தொன்றாம் கட்டிலுக்கு அடியில் உருட்டி விட்டார்கள். கட்டில் ஒரு விரற்கடை மேலே எழும்பி, அவன் மூச்சு விடும்போதெல்லாம் ஏறி இறங்கியது. பக்கத்தில் பூனையின் சட்டையோடு சிரிப்புக்காரன் விறைத்து நின்றான்.

கதவு திறந்தது.

பிரின்சிபால் மேடம் அதிகம் பேசுகிறவர் இல்லை. உள்ளே வந்து நின்றார். சாட்சி அவருக்கு ஓரடி பின்னால், அட்டையும் பென்சிலுமாக நின்றது. வலைக்குள் ஒன்றும் தெரியவில்லை. குளியலறையில் ஒரு தும்மல் கேட்டது.

"குழாயில காத்து மேடம்" என்றார் ஹவுஸ் மாஸ்டர்.

"ம்" என்றார் மேடம். துணி அலமாரியைத் தாண்டும்போது உள்ளிருந்து யாரோ, "மேடம் போயாச்சா?" என்று மெதுவாகக் கேட்டார்கள். மேடம் திரும்பிப் பார்க்கவில்லை. நேராகக் கடைசிக் கட்டில் வரை நடந்தார். மூச்சு விடுகிற கட்டிலை ஒரு நிமிஷம் பார்த்தார். அப்புறம் அதன் பக்கத்தில் நின்ற பிள்ளையைப் பார்த்தார்.

"இவன் புதுசா சேர்ந்த பையன் இல்ல?"

"ஆமா மேடம்!" என்றார் ஹவுஸ் மாஸ்டர் கணீரென்று. "ஆறு வாரம்தான் ஆச்சு. வந்தப்போ குச்சியா இருந்தான். நம்ம ஹவுஸ் கவனிப்புல எப்படி வளர்ந்துட்டான் பாருங்க! இவனை எனக்கு உள்ளும் புறமும் தெரியும் மேடம்."

சாட்சியின் பென்சில் அட்டையில் ஏதோ எழுதியது. சிரிப்புக்காரனின் இன்னொரு பித்தான் தெறித்து மேடத்தின் காலடியில் போய் விழுந்தது.

"நல்லா பேசுவானா?" என்றார் மேடம்.

"பேசுவான் மேடம், நல்லா..."

அங்கே நின்றுவிட்டார்.

பூனை எப்படிப் பேசுவான்? யோசித்துப் பார்த்தார். குரல் கீச்சென்று இருக்குமா, கரகரவென்று இருக்குமா? ஆறு வாரம் ஒரே கூரையின் கீழ் இருந்த பிள்ளை. அவன் குரல் அவர் காதில் விழுந்ததாக நினைவே இல்லை. விழுந்தது ஒரே ஒரு தடவை. இன்று காலையில், "சார், அது வந்து" என்று ஏதோ ஆரம்பித்தான். இவர்தான் முடிக்க விடவில்லை. என்ன சொல்ல வந்தான்? உடம்பு சரியில்லையா? வீட்டு ஞாபகமா? மைதானத்துக்குப் பின்னால் வேலியில் ஒரு ஓட்டை உண்டு. அதைத் தாண்டினால் பெரிய ரோடு. காலையிலிருந்து ஒன்றரை மணி நேரம், பிள்ளையைத் தேடுகிறேன் என்று இவர் தேடிக்கொண்டிருந்தது ஒரு தலையை, பத்து மதிப்பெண்ணுக்கு.

அவருக்கு வெட்கமாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது. பயம்தான் அதிகம்.

"சரி, சொல்லுங்க" என்றார் மேடம். கணக்கை ஹவுஸ் மாஸ்டர் தன் வாயால் உரக்கச் சொல்ல வேண்டும் என்பது முறை. அதைத்தான் சாட்சி எழுதும். "யெல்லோ ஹவுஸ், எத்தனை பேர்?"

"மஞ்சள் இல்லம்..." என்று ஆரம்பித்தார். முப்பது பிள்ளைகளும் அவர் வாயையே பார்த்தார்கள். முந்நூறுக்கும் அவருக்கும் நடுவில் இருந்தது ஒரே ஒரு சொல்.

"முப்பதுதான் மேடம்" என்றார்.

மேட்ரன் கையிலிருந்த துண்டைக் கீழே போட்டுவிட்டார்.

"ஒரு பிள்ளையைக் காணோம். இவன் ரெட் ஹவுஸ். டேய், அலமாரியில இருக்கிறவனே, வெளிய வா. பாத்ரூம்ல ஒருத்தன் தும்முறான். இந்தக் கட்டிலுக்கு அடியில ஒருத்தன் இருக்கான், அவனை இழுக்க நாலு பேர் வேணும். எல்லாம் என் வேலைதான் மேடம், பசங்க மேல ஒரு தப்பும் இல்ல. நீங்க பூஜ்யம் போட்டுக்கோங்க. ஹவுஸை மூடுங்க. எனக்கு இப்ப அது முக்கியமில்ல. காலையிலேர்ந்து அந்தப் பிள்ளை எங்க போனான்னு தெரியல. எல்லாரையும் விட்டுத் தேடச் சொல்லுங்க மேடம், வேலிப் பக்கம் ஒரு ஓட்டை இருக்கு..." குரல் உடைந்தது. "எனக்கு வழி தெரியல மேடம்."

அந்தச் சொல்லை அவர் வாயிலிருந்து யாரும் கேட்டதில்லை. சிரிப்புக்காரன்கூடச் சிரிக்கவில்லை. மஞ்சள் இல்லத்துப் பிள்ளைகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் தங்கள் தங்கள் கட்டிலைப் பார்த்துக்கொண்டார்கள், இன்னும் எத்தனை நாளைக்கு என்பது போல.

நாலு பேர் சேர்ந்து கூடைப்பந்துத் தூணை வெளியே இழுத்தார்கள். கட்டில் கீழே இறங்கியது. இறங்கி, 'டொக்' என்றது. அவன் முதுகோடு ஒட்டிக்கொண்டு வந்த ஏதோ ஒன்று தரையில் சறுக்கி மேடத்தின் செருப்பருகே போய் நின்றது.

மேடம் குனிந்து எடுத்தார். நாலு மடிப்பைப் பிரித்தார். அது ஒரு பழுப்புக் கவர். ஒட்டிய ஓரம் ஒட்டியபடியே இருந்தது. மேடம் அதை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். அவர் உதடுகள் லேசாக அசைந்தன. கோபமா சிரிப்பா என்று சொல்ல முடியவில்லை.

"சாட்சி" என்றார், திரும்பாமலே. "நீ என்ன எழுதுற?"

சாட்சி பேசக் கூடாது என்பது விதி. ஆனால் கேட்டது மேடமாயிற்றே. வலைக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது. கீச்சென்றும் இல்லை, கரகரவென்றும் இல்லை. தெளிவான, கொஞ்சம் பொறுமை போன குரல்.

"பத்துக்குப் பத்து மேடம், முப்பத்தொண்ணு பேரும் இங்கதான் இருக்கோம், சார், நீங்க என் கட்டிலுக்கு முட்டுக் குடுத்தீங்களே அந்தக் கவர், அதுல இன்னிக்கு சாட்சி நான்தான்னு போட்டிருக்கு, மேடம் நேத்தே எங்கிட்ட சொல்லிட்டாங்க, அதைச் சொல்லத்தான் காலையில வாயைத் திறந்தேன்."